நீள முடியை வெட்டுவதா, வெட்டினால் எதுவரை?

இடுப்பு வரை முடி வைத்திருக்கிற பெண் "வெட்டிடலாமான்னு பார்க்கிறேன்" என்று வாயைத் திறந்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "உன் முகத்துக்கு செட் ஆகுமா?" பார்லர் சுவரிலும் வட்ட முகம், நீள முகம், சதுர முகம் என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். அதெல்லாம் இரண்டாவது கேள்வி என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது, எந்த நீளம் உங்களிடம் எப்போது வேலை வாங்குகிறது என்பதை. நீள முடிக்கு அன்றாடம் வேலை. குட்டை முடிக்கு மாதாமாதம் கத்திரி, காசு. நடுவில் சில நீளங்கள் உண்டு, இரண்டையும் வாங்கும். நம் ஊர்ப் பார்லர்களில் முதலில் சிபாரிசு செய்வதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

என் தலை இதில் அநேகமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எண்ணெய் வழிய, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை. காலேஜில் ஸ்டெப் கட்டிங். கல்யாணத்துக்காக வளர்த்த பின்னல். பிள்ளை பிறந்து கொட்டியது போக மிஞ்சியதில், நுனியை யு எழுத்துப்போல வளைத்து வெட்டுகிற யு கட். அப்புறம் கழுத்தெலும்பு நீளம், அப்புறம் தாடையளவில் நிற்கிற பாப், இப்போது பாய் கட். நாற்பதைத் தாண்டி, முதல்முறையாக நிறைய வெட்ட நினைக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இருபது வயதுப் பெண்கள் யோசிக்காமல் வெட்டிக்கொள்ளலாம், அவர்களுக்குத் திரும்பி வந்துவிடும்.

திரும்பி வருமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், நன்றாக வளர்கிறவர்களுக்கு ஒன்றேகால். வருடத்துக்குச் சுமார் அரை அடி. இடுப்பிலிருந்து தோள் வரை வெட்டினால் போவது ஒன்றரை அடி, அதைத் திரும்பப் பார்க்க மூன்று வருடம் ஆகும். பாய் கட்டிலிருந்து தோளைத் தொடவே ஏறக்குறைய இரண்டு வருடம். இது எல்லோரும் போடுகிற கணக்கு. பலர் யோசிக்காதது ஒன்று உண்டு. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6, 7 வருடம் வரை வளர்ந்துவிட்டு, சில மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்துவிடும். சிலருக்கு எவ்வளவு பாடுபட்டாலும் முதுகுக்குக் கீழே இறங்காமல் இருப்பது இதனால்தான், எண்ணெய் பிராண்டினால் இல்லை. வயது ஏறும்போது இந்த வளர்ச்சிக் காலம் சுருங்குகிறது. ஆகவே 45 வயதில் இடுப்பு நீளத்தை வெட்டினால் அது திரும்ப இடுப்பு வரை வராமலே போகலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் வளர்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானத்தை மட்டும் நம்பிப் போய் உட்காராதீர்கள்.

இன்னொரு சமாதானமும் உண்டு: வெட்டினால் அடர்த்தியாக வளரும். வளராது. கத்திரி படுவது உயிரில்லாத பகுதியில், வேருக்கு அது தெரியவே தெரியாது. நுனி மெலிந்த முடியை மட்டமாக வெட்டும்போது எல்லா இழையும் ஒரே இடத்தில் முடிவதால் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். குழந்தைக்கு மூன்று மொட்டை போட்டால் முடி நன்றாக வரும் என்பதும் இதே ரகம்.

நீளமாகவே வைத்துக்கொள்வது

நீள முடிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: செலவே கிடையாது. ஒரு சீப்பு, ஒரு ரப்பர் பேண்ட், ஒரு கேட்ச் கிளிப். பார்லருக்கு வருடக்கணக்கில் போகாவிட்டாலும் பின்னல் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். காலையில் முடி எப்படி எழுந்திருந்தாலும் வாரிப் பின்னினால் முடிந்தது. மே மாத வெயிலில் உச்சியில் தூக்கிக் கொண்டை போட்டவளின் கழுத்து, பாப் வெட்டியவளின் கழுத்தைவிடக் காய்ந்திருக்கும். நம்பாதவர்கள் சென்னையில் ஒரு கோடை முழுக்க பாப்போடு இருந்து பாருங்கள்.

பெரிய வேலை என்றால் தலைக்குக் குளிக்கிற நாள்தான். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து சீயக்காய் போட்டால் அலசுவதற்கே வாளி வாளியாகத் தண்ணீர். ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டும், துண்டை எடுத்தால் ரவிக்கையின் முதுகு நனைந்துவிடும். நுனியில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு இருக்கிற வேலையெல்லாம் பார்த்தாலும் சாயங்காலம் வரை அடிமுடி ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு பின்னினால் வாடை, அப்படியே படுத்தால் காலையில் தலைபாரம். மழைக்காலத்தில் இதுவே இரண்டு நாள் கதை. வேலைக்குப் போகிறவள் ஞாயிற்றுக்கிழமையை இதற்கே கொடுத்துவிடுகிறாள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்பும் மக்னீசியமும் முடியில் படியும். மூன்று, நான்கு வருடம் பழைய நுனிமுடிதான் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கும். சொரசொரப்பும் சிக்கும் அங்கேதான் சேரும்.

ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பிரச்சினை: கொண்டை ஹெல்மெட்டுக்குள் போகாது. பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ்த்திப் போட வேண்டும்.

இன்னொன்றையும் கண்ணாடியில் பாருங்கள். வருடக்கணக்காக இழுத்து வாரி இறுக்கமாகப் பின்னுகிறவர்களுக்கு நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் முடி ஏறிப்போய்விடும். இழுப்பினாலேயே வேர் கெடுகிறது. ஆரம்பத்தில் கவனித்துப் பின்னலைத் தளர்த்தி, வகிட்டை மாற்றினால் திரும்ப வரும். நாள்பட விட்டால் வராது. அங்கே வெறும் தோல் பளபளக்க ஆரம்பித்திருந்தால் நீளத்தைப் பற்றிய விவாதத்தை நிறுத்திவிட்டு வெட்டிவிடுவதே நல்லது, குறைந்தபட்சம் இறுக்கிப் பின்னுவதையாவது நிறுத்துங்கள்.

நீளத்தை வைத்துக்கொண்டே லேயர் போடுங்கள் என்பார்கள். விரித்துப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அது அழகு. பின்னல் போடுகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மேலடுக்கு முடியெல்லாம் பின்னலில் நிற்காமல் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், கீழே போகப்போகப் பின்னல் எலிவால் ஆகிவிடும். யு கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நுனியை வருடத்துக்கு மூன்று நான்கு முறை வெட்டினால் போதும்.

தோளுக்குச் சற்றுக் கீழே

முதல்முறை வெட்டுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு நான் சொல்வது இதுதான். கழுத்தெலும்பைத் தொட்டு அதற்குக் கீழே ஒன்றிரண்டு அங்குலம். சரியாகத் தோளில் நிற்கிற நீளம் வேண்டாம். அது நடக்க நடக்கத் தோளில் இடித்து வெளிப்பக்கமாக மடங்கிக்கொள்ளும், எந்தச் சீப்புக்கும் அடங்காது. இரண்டு அங்குலம் இறக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இதன் அருமை என்னவென்றால் ரப்பர் பேண்டுக்குள் அடங்கும். கட்டிவிட்டால் சமையலறை, பேருந்து, ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் சரி. தலை காய நீள முடிக்கு ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகாது. இரண்டு மூன்று மாதம் பார்லர் பக்கம் போகாவிட்டாலும் வெட்டு கெட்டுப்போனது வெளியே தெரியாது. வேலையும் குறைவு, செலவும் குறைவு என்ற இடம் இது ஒன்றுதான். பரபரப்பாக எதுவும் நடக்காது என்பது மட்டும் குறை. "முடி வெட்டினியா?" என்று பக்கத்து வீட்டக்கா நாலாவது நாள்தான் கேட்பார்.

இடுப்பிலிருந்து இங்கே வருகிறவர்களிடம் ஒன்றரை அடி முடி மிச்சமாகும். அதைத் தரையில் விழவிட்டுக் கூட்டித் தள்ளாதீர்கள். புற்றுநோய் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு விக் செய்ய முடியைத் தானமாக வாங்குகிற அமைப்புகள் உண்டு. பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலமாவது கேட்பார்கள். சாயம் போட்டதைச் சில இடங்களில் எடுப்பதில்லை, அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் தலைக்குக் குளித்து நன்றாகக் காயவைத்து, பின்னி, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டு, மேல் ரப்பருக்குச் சற்று மேலே வெட்டச் சொல்ல வேண்டும். ஒரே வெட்டில் போகும் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பின்னலுக்குள் கத்திரி சுலபமாக இறங்காது, நறநறவென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறுக்கும். அந்தச் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். எனக்கு வெட்டிய பார்லர் பெண் கத்திரியை வைப்பதற்கு முன் "அக்கா, அடுத்த மாசம் வந்து அழக்கூடாது" என்றாள். அப்படி வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறாள் போல.

தெருவில் "சவுரி முடி வாங்குறது" என்று குரல் கொடுத்து வருகிறவர்களிடம் சீப்பில் சிக்கிய முடியைச் சேர்த்துவைத்துக் கொடுத்துப் பாத்திரம் வாங்கிய வீடுகள் உண்டு. வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கிற, ஒரே கட்டாக வெட்டி எடுத்த பின்னலுக்கு அந்த உதிர்முடியைவிட மதிப்பு மிக அதிகம். விற்பதானால் விசாரித்து விற்கவும்.

பாப் கட்

இதில்தான் நான் பலரோடு சண்டை போடுவேன். படத்தில் பார்க்க பாப்பைப் போல அழகு எதுவும் இல்லை. 1920களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் பின்னலை வெட்டிவிட்டு இதற்கு மாறியபோது அது ஒரு தலைமுறையின் அடையாளமாகவே ஆனது. 1960களில் லண்டனில் விடால் சசூன் என்ற முடிதிருத்தும் கலைஞர் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அதுவரை அந்த ஊர்ப் பெண்கள் வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய் ரோலர் சுற்றி, ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வருவார்கள். சசூன், வெட்டிலேயே வடிவம் இருக்க வேண்டும், குளித்து உதறினால் முடி தானாக அதன் இடத்தில் போய் விழ வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அது நேராகவும் கனமாகவும் விழுகிற முடிக்குப் போட்ட கணக்கு.

நம்மில் பெரும்பாலோருக்கு அலைமுடி, பலருக்குச் சுருட்டை. காற்றில் ஈரப்பதம் ஏறும்போது முடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதற்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் கலைந்து வேறு இடத்தில் சேரும். காலையில் ப்ளோ ட்ரை செய்து உள்பக்கம் வளைத்துவிட்ட பாப், கடற்கரை ஊரில் பத்து மணிக்குள் குடைபோல விரிந்து நிற்பது இதனால்தான். கட்டவும் முடியாது, ரப்பர் பேண்டுக்கு நீளம் எட்டாது. கழுத்து வியர்க்க, முன்முடி கன்னத்தில் ஒட்ட, இரண்டு பக்கமும் ஸ்லைடு குத்திக்கொண்டு சமைக்க வேண்டியதுதான். வெட்டின கோடு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்குவதால் ஒன்றரை இரண்டு மாதத்தில் வடிவம் போய்விடும், திரும்பக் கடைக்குப் போக வேண்டும். அன்றாட வேலையும் உண்டு, மாதச் செலவும் உண்டு.

முடி இயல்பிலேயே நேராக இருந்து, அலுவலகத்தில் நாள் முழுக்க ஏசி என்றால் பாப் அருமையாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்க்காரர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. மற்றவர்கள் பாப்பை ஒரு மாற்றுப் பாதையாக நினைத்துக்கொள்ளலாம், பாய் கட்டுக்குப் போகிற வழியிலோ அங்கிருந்து திரும்புகிற வழியிலோ. நெற்றியில் வெட்டுகிற முன்முடியும் இதே ரகம். 1960களில் இந்தி நடிகை சாதனாவைப் பார்த்து நாடு முழுக்கப் பெண்கள் நெற்றியில் முடி வெட்டிக்கொண்டார்கள், அதற்கு சாதனா கட் என்றே பெயர். நம் வெயிலில் அது அரைமணி நேரத்தில் நெற்றியோடு ஒட்டிக்கொள்ளும்.

சுருட்டைமுடிக்காரர்கள் எந்த நீளம் வெட்டினாலும் ஒன்றைக் கவனிக்கவும். ஈரத்தில் நீட்டி வெட்டினால் காய்ந்ததும் பல அங்குலம் மேலே ஏறிவிடும். காய்ந்த முடியிலேயே வெட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் நினைத்ததைவிட மூன்று அங்குலம் நீளமாகச் சொல்லுங்கள்.

பாய் கட்

தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டால் துவட்டினால் வெளியே கிளம்பலாம். தண்ணீர் ஒரு குவளை, ஷாம்பு ஒரு ரூபாய் சாஷேயில் பாதி. அன்றாட வேலை கிட்டத்தட்ட இல்லை. விலை வேறு இடத்தில் இருக்கிறது: ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் வெட்ட வேண்டும், தவறினால் காதுமேல் ஏறிக் கழுத்தில் வால் விட்டுவிடும். வருடத்துக்கு ஒன்பது பத்து முறை. பார்லரில் ஏரியாவைப் பொறுத்து 200 ரூபாயிலிருந்து 1000-ஐத் தாண்டியும் கேட்கிறார்கள். அதே வெட்டுக்கு ஆண்கள் சலூனில் அதில் ஒரு பங்குதான். ஆனால் பெண் உள்ளே போனால் பலர் "நாங்க லேடீஸ்க்கு வெட்டறதில்லம்மா" என்று கையை விரித்துவிடுவார்கள். பார்லரிலோ நீள முடி வெட்டிப் பழகியவர்களுக்குப் பிடரியைச் சரியாக ஒதுக்கத் தெரியாது. ஆகவே பாய் கட்டுக்குப் போவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது உங்கள் முகத்தைப் பற்றி இல்லை. நடந்து போகிற தூரத்தில் நன்றாக வெட்டுகிற ஒரு கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தோளுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உச்சந்தலைச் சுழியையும் பார்க்கச் சொல்லுங்கள். நீள முடியில் அது அமுங்கிக் கிடக்கும், குட்டையாக வெட்டியதும் அந்த இடம் மட்டும் எழுந்து நிற்கும். சுழி போகிற திசையிலேயே வெட்டினால் அடங்கும். ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்று பாட்டிமார் சொல்வார்கள். கல்யாணம் வந்ததோ இல்லையோ, ரெட்டைச் சுழிக்கு உச்சியில் கொஞ்சம் நீளம் விட வேண்டும் என்பது நிச்சயம்.

நரை மறைப்பதை நிறுத்த நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. டை போடுவதை விட்டால் வகிட்டில் வெள்ளைக் கோடு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் விரியும். நீள முடியில் அந்த இரட்டை நிறத்தோடு வருடக்கணக்கில் நடமாட வேண்டும். குட்டையாக வெட்டினால் ஐந்தாறு மாதத்தில் டை போட்ட முடி முழுக்கக் கத்திரியில் போய்விடும். கறுப்பு டைகளில் பெரும்பாலும் இருக்கிற பிபிடி என்ற ரசாயனத்தால் உச்சந்தலை அரித்துப் புண்ணாகிறவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் விடுபடுகிறார்கள். குட்டை முடியும் நரையும் சேர்ந்தால் கிழடு தட்டும் என்று சொல்கிறவர்களுக்கு இந்திரா காந்தியின் படத்தைக் காட்டலாம்.

பூ வைப்பது எப்படி என்பது சின்னக் கேள்வி இல்லை. தோள்நீள முடிக்கு ரப்பர் பேண்டைச் சுற்றி அரைமுழம் வைக்கலாம். பாப்பில் விரல்நீள மல்லிச் சரத்தை மடித்து, காதுக்குப் பின்னால் இரண்டு கறுப்பு ஊசியைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தினால் நிற்கும். பாய் கட்டில் பூவுக்கு இடமில்லை. சவுரி வைத்துப் பின்னலாம் என்றால் அதைக் கட்டக் குறைந்தது ஒரு சின்ன குதிரைவாலாவது வேண்டும். வீட்டில் கல்யாணம் வைத்திருந்தால் அது முடிந்தபின் வெட்டுங்கள். போட்டோவுக்காக இல்லை, ஜடை அலங்காரம் செய்ய வருகிற பெண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது.

வீட்டில் கிளம்புகிற எதிர்ப்பையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவன் இறந்தால் பெண்ணுக்குத் தலையை மழிக்கிற கொடுமை சில சமூகங்களில் இருந்தது. "புருஷன் நல்லா இருக்கறப்போ எதுக்குடி முடியைக் குறைக்கிறே" என்று மாமியார் முகம் சுருங்குவதற்குப் பின்னால் அந்தப் பழைய பயம் இருக்கிறது, அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். விளக்கம் சொல்லிப் பயனில்லை. என் அனுபவத்தில் இரண்டு மாதத்தில் பழகிவிடுகிறது. என் அத்தை இப்போது "கொஞ்சம் வளர்ந்துடுச்சு பாரு, போய் வெட்டிக்கோ" என்கிறார்.

மொட்டை தனி ரகம். திருப்பதி, பழனி, சமயபுரம், வேளாங்கண்ணி என்று நேர்த்திக்கடனுக்குப் போடுகிறவர்கள் அழகு பார்த்துப் போடுவதில்லை, ஆகவே ஒப்பிடுவதற்கும் ஒன்றுமில்லை. பாய் கட் அளவுக்கு வளர ஆறேழு மாதம் ஆகும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். திருப்பதியில் மூன்று கத்திரி முடியை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு வருகிற பெண்களும் உண்டு.

முடி கொட்டுகிறது என்பதற்காக மட்டும் வெட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நீள முடியில் அந்த நூறும் பந்தாகச் சுருண்டு குளியலறை ஜாலியை அடைக்கும். குட்டையில் அதே நூறு கண்ணுக்கே படாது. வெட்டினபிறகு கொட்டுவது நின்றுவிட்டது என்று தோன்றும், நின்றிருக்காது. பிரசவம், டெங்கு, பெரிய ஆபரேஷன் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால் பெரும்பாலும் சில மாதத்தில் தானாகச் சரியாகும். காரணமே இல்லாமல் கொட்டினால் பார்லருக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை: தைராய்டு, இரும்புச்சத்து.

முடிவு செய்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் அவசரமாக வெட்டுவார்கள். செவ்வாய், வெள்ளி வீட்டில் ஆகாது என்பார்கள். புதன் அல்லது வியாழன் காலையில், கடை திறந்த கையோடு போங்கள். உங்கள் முடி ரகத்திலேயே இருக்கிற யாருடைய படத்தையாவது காட்டுங்கள், முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றும். "கொஞ்சம்" என்ற சொல்லைச் சொல்லாமல், எது வரை என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். முதலில் ஒரு அங்குலம் நீளமாக வெட்டச் சொல்லி, காயவைத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அப்புறம் மீதியைக் குறைக்கச் சொல்லலாம். அதற்கு முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் நுனியை மட்டும் வெட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.